மஞ்சக்குப்பத்தில் சிறிய தோட்டம்: அதிகக் கவனிப்புக் கேட்காத ஹைப்ரிட் டீ ரோஜா வளர்க்க முடியுமா?

கெடிலக்கரை (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே பத்தடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட மண்தரை இருக்கிறது. கிழக்குப் பார்த்த வாசல் என்பதால் விடிந்தது முதல் ஏறத்தாழ நண்பகல் வரை நல்ல வெயில் விழும். அதன்பின் வீட்டின் நிழல் வந்துவிடும். இப்போது அங்கே ஒரு செம்பருத்தியும் ஒரு நந்தியாவட்டையும் துளசி மாடமும் உள்ளன. மீதமுள்ள இடத்தில் ஒன்றோ இரண்டோ ஹைப்ரிட் டீ ரோஜாச் செடிகளை வைக்க விரும்புகிறேன். நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூவாக, நடு இதழ்கள் கூம்பி உயர, வெளி இதழ்கள் மெல்ல மடிந்து விரியும் அந்த வடிவத்தின் மீது எனக்குச் சிறு வயது முதலே ஆசை. கொத்தாகப் பூக்கும் சிறு ரோஜாக்களும் மாலைக்குக் கட்டும் பன்னீர் ரோஜாவும் அழகானவைதாம். ஆனால் என் மனம் இதில்தான் நிற்கிறது. நிறம் மஞ்சளாக அமைந்தால் மிகவும் மகிழ்வேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கணவரும் நானும் வேலைக்குச் செல்கிறோம். காலையில் தண்ணீர் ஊற்ற நேரம் கிடைக்கும். மற்ற வேலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் அரைமணி நேரம் ஒதுக்கலாம். வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் கடுமையான பூச்சிமருந்துகளைத் தெளிக்க எனக்கு மனமில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் சற்று உவர்ப்பானது. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. மண் பெரும்பாலும் மணல். 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு அதன் மேல் மெல்லிய வண்டல் படிந்து, காய்ந்தால் ஓடு போல இறுகிவிடுகிறது.

அக்கம்பக்கத்தில் பலர் தள்ளுவண்டியில் பூவோடு வரும் ரோஜாவை வாங்கி வைக்கிறார்கள். முதல் பூ உதிர்ந்தபின் கிளை நுனியிலிருந்து கருகத் தொடங்கி, அடுத்த மழைக்காலத்துக்குள் செடி பட்டுப்போகிறது. கடற்கரை ஊரில் இந்த ரோஜா வராது, அது ஊட்டிக்கும் ஓசூருக்கும் உரியது என்று அவர்கள் சொல்கிறார்கள். அது உண்மைதானா? உண்மை இல்லையென்றால் எந்த வகையை, எப்படி நட்டால், குறைந்த உழைப்பில் செடி நீடித்து வாழும்?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

சகோதரிக்கு வணக்கம். கடற்கரை ஊரில் ஹைப்ரிட் டீ வராது என்ற பேச்சை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. பூப்பதற்கு இந்த ரோஜாவுக்குக் குளிர் தேவையில்லை. அதன் வம்சத்தைப் பார்த்தாலே இது விளங்கும். சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற டீ ரோஜாக்கள் ஒரு பக்கம், ஐரோப்பாவில் உருவான ஹைப்ரிட் பெர்பெச்சுவல் ரோஜாக்கள் மறுபக்கம் எனக் கலந்து பிறந்த இனம் இது. லியோன் நகரத்து கிய்யோ 1867-இல் வெளியிட்ட ‘லா பிரான்ஸ்’ என்ற ரோஜாவையே இவ்வினத்தின் முதல் செடியாகப் பொதுவாகக் கொள்கிறார்கள். டீ ரோஜாக்களின் முன்னோரில் ஒன்றான ரோசா ஜைஜான்டியா நம் மணிப்பூர் மலைகளிலும் மியான்மரிலும் தென்மேற்குச் சீனத்திலும் காடாக வளரும் கொடி. ஆண்டு முழுவதும் புதுத் தளிரின் நுனியில் பூ விடும் குணம் சீன வழியில் வந்தது. எனவே தளிர் விட்டால் பூ வரும். தளிர் விட வைப்பது நம் கையில் இருக்கிறது. வெயில் மாதங்களில் பூ சிறுத்து, இதழ் குறைந்து, இரண்டு நாளில் உதிரும் என்பது மட்டும் உண்மை. அதைச் செடியின் நோயாகக் கருத வேண்டாம்.

நம் கரையில் இச்செடியைக் கொல்வன உவர்நீர், வேரில் தேங்கும் மழைநீர், இலையில் வரும் கரும்புள்ளி நோய் ஆகிய மூன்றுமே. முதல் இரண்டைப் பற்றி மண் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மூன்றாவது, நீங்கள் எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மஞ்சள் நிறத்தின் மீதான உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன். ஆயினும் முதல் செடியாக மஞ்சளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பழைய ஹைப்ரிட் டீக்களில் அடர் மஞ்சள் நிறம் கிடையாது. லியோனைச் சேர்ந்த பெர்னே துஷே என்பவர் மேற்கு ஆசிய வறண்ட நிலத்து ரோசா ஃபெட்டிடா என்ற மஞ்சள் ரோஜாவைக் கலந்து, 1900-இல் ‘சொலேய் தோர்’ என்ற ரோஜாவை வெளியிட்டார். இன்று நாம் காணும் அடர் மஞ்சள், ஆரஞ்சு, செம்மஞ்சள் ரோஜாக்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. ரோசா ஃபெட்டிடா ஈரம் குறைந்த நாட்டுச் செடி. கரும்புள்ளி நோய்க்கு மிக எளிதில் இரையாகும். நிறத்தோடு அந்தப் பலவீனமும் சேர்ந்தே சந்ததிக்கு வந்துவிட்டது. கரும்புள்ளிப் பூஞ்சை முளைப்பதற்கு இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் போதும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இலை ஏழு நாள் கூட நனைந்திருக்கும். மருந்து தெளிக்காமல் மஞ்சள் ரோஜா வளர்ப்பவர் ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் இலையற்ற குச்சிகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு நான் முதலாவதாகச் சொல்வது ‘குயீன் எலிசபெத்’. அமெரிக்காவில் லாமர்ட்ஸ் உருவாக்கி 1954-இல் வெளிவந்த இளஞ்சிவப்பு ரோஜா இது. வகைப்பாட்டில் இதைக் கிராண்டிஃப்ளோரா, அதாவது பெரிய பூக்களைச் சிறு கொத்தாகவும் தரும் இனம் என்பார்கள். ஆனால் இதன் தாய்ச்செடி ஹைப்ரிட் டீ. பூவின் வடிவமும் காம்பின் நீளமும் நீங்கள் விரும்பும் விதமாகவே இருக்கும். சில காம்புகளில் மூன்று நான்கு மொட்டுகள் சேர்ந்து வரும். பட்டாணி அளவில் இருக்கும்போதே பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் நடு மொட்டு பெரிய ஒற்றைப் பூவாக விரியும். தடித்த இலை, வலுவான கிளை, வெயிலைத் தாங்கும் உடல் ஆகிய மூன்றும் இதற்கு உண்டு. ஆறடிக்கு மேலும் உயரும் என்பதால் உங்கள் இடத்தில் சுவரோரமாக வைக்க வேண்டும்.

சிவப்பு பிடிக்குமென்றால், இந்தியாவில் வெட்டுப்பூவுக்காகப் பல்லாண்டுகள் பயிரிடப்பட்ட ‘கிளாடியேட்டர்’ நல்ல முரட்டுச் செடி. வாசனையும் வேண்டுமென்றால் 1964-இல் வந்த ‘மிஸ்டர் லிங்கன்’ இருக்கிறது; அடர்சிவப்பு, நெடிய காம்பு, அந்தி வரை நிற்கும் மணம். அது குயீன் எலிசபெத் அளவுக்கு நோய் தாங்காது என்றாலும் வெயிலில் வாடாது. ‘டபுள் டிலைட்’, ‘கிறிஸ்டியன் டியோர்’ ஆகியவற்றின் அழகில் மயங்கி வாங்கிவிடாதீர்கள். முன்னது கரும்புள்ளிக்கும் பின்னது இலையில் வெண்பொடி படியும் சாம்பல் நோய்க்கும் பேர் போனவை.

ஜெர்மனியில் ஏ.டி.ஆர். என்ற சோதனையில் மருந்தே தெளிக்காமல் ரோஜாக்களை வளர்த்துத் தரம் பார்த்துச் சான்று தருகிறார்கள். அந்தச் சான்றைக் காட்டி இணையத்தில் விற்கப்படும் செடிகளைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. அது நேர்மையான சோதனைதான். ஆனால் அந்நாட்டுக் கோடையில் நிமிர்ந்து நிற்கும் செடி நம் கத்தரி வெயிலிலும் அடைமழையிலும் அப்படியே நிற்கும் என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது. வெப்ப நாடுகளுக்கென்றே ரோஜாவை உருவாக்க வேண்டும் என்று கொடைக்கானலில் பல்லாண்டுகள் உழைத்தவர் எம். எஸ். வீரராகவன். அவர் ரோசா ஜைஜான்டியாவையும், வட இந்தியாவில் ஆற்றுப் படுகைகளில் வளர்ந்து நீர் தேங்குவதைத் தாங்கும் ரோசா கிளைனோஃபில்லாவையும் கலப்புக்கு எடுத்துக்கொண்டது இந்தக் காரணத்தால்தான். அத்தகைய செடிகள் நம் ஊர் நர்சரிகளில் எளிதாகக் கிடைக்கும் காலம் வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அதுவரை நம்மிடம் உள்ள மிகச் சிறந்த வழி, மழை முடிந்த மார்கழியில் உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் நடந்து பார்ப்பது. எந்த வீட்டு ரோஜா இலைகளோடு நிற்கிறதோ, அந்த வீட்டாரிடம் வகையைக் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கிளை கேட்டு வாங்கி, கண் ஒட்டுக் கட்டத் தெரிந்த (அதாவது அக்கிளையின் மொட்டுக்கண்ணை வேறொரு ரோஜாவின் அடிச்செடியில் பொருத்தத் தெரிந்த) நர்சரிக்காரரிடம் கொடுக்கலாம்.

கேப்பர்மலை (கடலூர்):

முத்தியால்பேட்டை ஐயா வகைகளைப் பற்றி எழுதியது முழுவதையும் ஏற்கிறேன். நான் மண்ணையும் நீரையும் பற்றி எழுதுகிறேன். ஏனெனில் குறைந்த உழைப்பு என்பது நடும் நாளிலேயே முடிவாகிவிடும் விஷயம். அன்று இரண்டு நாள் சேர்த்து உழைத்தால் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் போதும். அன்று சோம்பினால் எவ்வளவு உரமும் மருந்தும் கொடுத்தாலும் செடி தேறாது.

முதலில் நீரைச் சோதித்துவிடுங்கள். நம் மாவட்டத்துக்கு விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. புதுச்சேரிப் பக்கத்தில் குரும்பாபேட்டையில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. மண்ணையும் நீரையும் சோதிப்பதைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். ரோஜா உவர்ப்பை மிகக் குறைவாகவே தாங்கும் செடி. உவர்நீர் தொடர்ந்து பாய்ந்தால் முதிர்ந்த இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகும். இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளானால், அது பெரும்பாலும் மண்ணில் காரத்தன்மை ஏறி, வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போனதன் அடையாளம். பலர் இந்த இரண்டையும் நோய் என்று எண்ணி மருந்து வாங்குகிறார்கள்.

இதற்கு எளிய தீர்வு மாடியில் விழும் மழைநீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் நீர். ஐந்நூறு சதுர அடி மாடியில் பத்து மில்லிமீட்டர் மழையே பெய்தாலும் ஏறத்தாழ 460 லிட்டர் விழும். ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயை மாடிக் குழாயின் கீழ் வைத்து, வலைத்துணியால் மூடிவிடுங்கள்; மூடாவிட்டால் கொசு பெருகும். வாரத்தில் ஒரு நாள் கிணற்று நீருக்குப் பதிலாக இந்த நீரையோ குடிநீர்க் குழாய் நீரையோ செடிக்குப் பத்து லிட்டர் வீதம் மெதுவாக ஊற்றினால், வேர்ப்பகுதியில் சேர்ந்த உப்பு கீழே இறங்கிவிடும். மற்ற நாட்களில் கிணற்று நீரை ஊற்றலாம். ஆனால் தினமும் ஒரு குவளை தெளிப்பது வேண்டாம். அது மேல்மண்ணை மட்டும் நனைத்து உப்பை அங்கேயே நிறுத்திவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வேர் ஆழம் வரை ஊறுமாறு, காலையில், இலை நனையாமல் அடியில் ஊற்றுங்கள்.

அடுத்தது மேட்டுப்பாத்தி. வெள்ளம் வந்த இடம் என்கிறீர்கள். ஆகவே தரை மட்டத்தில் குழி எடுத்து நடவே கூடாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, செங்கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கி, ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு பாத்தி கட்டுங்கள். சாந்து இல்லாத இடைவெளிகளின் வழியே அடைமழை நீர் வடிந்துவிடும். உள்ளே நிரப்புவதற்குப் பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, உங்கள் மணல் ஒரு பங்கு என்ற கலவை போதும். மேலே படிந்த வண்டலை வெட்டி எறிய வேண்டாம்; கொத்தி மணலோடு கலந்துவிட்டால் அது நல்ல மண்தான், இறுகும் குணமும் போய்விடும். செடி ஒன்றுக்குப் பத்து கிலோ தொழு உரமும் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கும் இரண்டு கைப்பிடி எலும்புத்தூளும் நடும்போதே கலந்துவிடுங்கள். மணல் மண்ணில் வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழுக்கள் அதிகம்; வேப்பம்புண்ணாக்கு அதற்கும் உதவும்.

இப்போது தள்ளுவண்டிச் செடிகள் ஏன் சாகின்றன என்பதற்கு வருகிறேன். அவை வெளியூர்களில் பிசுபிசுப்பான களிமண் உருண்டையில் வேர்விட்டு, பூ வரும் வரை உரம் ஊட்டி வளர்க்கப்பட்டவை. அந்த உருண்டையை அப்படியே மணலில் புதைத்தால், ஊற்றிய நீர் சுற்றியுள்ள மணலில் இறங்கிப் போகும். உருண்டை உள்ளே காய்ந்தே கிடக்கும். அல்லது மழையில் ஊறினால் நாள் கணக்கில் ஈரம் விடாது. இரண்டிலும் வேர் வெளியே வருவதில்லை. செடியை நட்டு ஓராண்டு கழித்துப் பிடுங்கினாலும் அந்த உருண்டை அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். எனவே நடுவதற்கு முன் உருண்டையை ஒரு வாளி நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வேர் அறாமல் வெளிக் களிமண்ணில் பாதியையாவது கரைத்து எடுத்துவிட வேண்டும். இதைத் தை, மாசி மாதங்களில், மாலை வேளையில் செய்து, ஒரு வாரம் ஓலை நிழல் கொடுத்தால் செடி தாங்கிக்கொள்ளும். கோடையில் செய்யக்கூடாது.

பூத்து நிற்கும் செடியை வாங்குவதை விட, மூன்று தடித்த கிளைகளும் காயம் ஆறிய ஒட்டுப்பகுதியும் கொண்ட, பூ இல்லாத செடியை வாங்குங்கள். நடும்போது ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து எது முளைத்தாலும் அது அடிச்செடியின் காட்டுக்கிளை; வெட்டினால் மீண்டும் வரும் என்பதால், மண்ணை விலக்கி, வேரோடு ஒட்டியுள்ள இடத்திலிருந்து கையால் கிழித்து எடுக்க வேண்டும்.

மூடாக்கு பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த இலையோ வைக்கோலோ மூன்று அங்குலக் கனத்தில் பரப்பினால் கோடையில் பாதி நீர் ஊற்றும் வேலை குறையும். தென்னை நார்க்கழிவு நல்லதுதான். ஆனால் அதில் இயல்பாகவே உப்பு உண்டு. நல்ல நீரில் பலமுறை அலசிய பின்பே போட வேண்டும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வாளியில் வெள்ளை படியும் உங்கள் நீரில் சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே மிகுதி. மேலும் சேர்ப்பது இரும்புச்சத்துக் குறையைத்தான் கூட்டும்.

கெடிலக்கரை (கடலூர்):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மஞ்சளை விட்டுவிட்டுக் குயீன் எலிசபெத் ஒன்றும் மிஸ்டர் லிங்கன் ஒன்றும் வைப்பதென்று எண்ணியிருக்கிறேன். கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது பற்றியும் தெளிவு வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா ஆண்டுதோறும் புரட்டாசி கடைசியில் வெட்டிவிடுகிறார். வெட்டிய நுனியிலிருந்தே கருகுகிறது. மேலும் மருந்தில்லாமல் கரும்புள்ளியையும் பூச்சியையும் எந்த அளவுக்குச் சமாளிக்க முடியும்?

நெல்லிக்குப்பம்:

அம்மா, உங்கள் பக்கத்து வீட்டார் செய்வது வட இந்தியாவில் சரியான முறை. அங்கே அக்டோபரில் மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிடும். வெட்டிய செடி உலர்ந்த குளிரில் தளிர்த்துப் பூக்கும். நமக்கு அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. வெட்டுக்காயம் உலராமல் பூஞ்சை இறங்குவதால் நுனிக்கருகல் வருகிறது. இளந்தளிர் முழுவதும் மழையில் சிக்கிக் கரும்புள்ளி பிடிக்கிறது. நம் கரையில் மழைக்காலமே இச்செடிக்கு ஓய்வுக்காலம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். புரட்டாசியில் உரத்தையும் வெட்டையும் நிறுத்திவிடுங்கள். மார்கழி பாதிக்குமேல் மழை ஓய்ந்து, தொடர்ந்து சில நாள் வெயில் அடித்தபின் கவாத்து செய்யுங்கள். வெட்டியதிலிருந்து ஆறு ஏழு வாரங்களில் பூ வரும். அதாவது மாசியில், நம் ஊரின் மிக இனிமையான பருவத்தில், பெரிய பூக்கள் கிடைக்கும்.

எவ்வளவு வெட்டுவது என்பதிலும் குளிர்நாட்டு நூல்களைப் பின்பற்ற வேண்டாம். அவர்கள் முழங்காலுக்குக் கீழே வெட்டுவார்கள். வெப்ப நாட்டில் கிளையில் சேர்ந்த உணவுதான் செடியின் முதல். சென்ற பருவக் கிளையின் நீளத்தில் பாதியை மட்டும் எடுத்தால் போதும். காய்ந்தது, நோய் பட்டது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை முழுவதும் நீக்குங்கள். கருகிய கிளையை வெட்டும்போது, வெட்டுமுகத்தின் நடுத்தண்டு வெள்ளையாகத் தெரியும் வரை கீழிறங்கி வெட்ட வேண்டும்; பழுப்பு சிறிதளவு எஞ்சினாலும் கருகல் தொடரும். கத்தரியைச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, வெட்டிய முனைகளில் போர்டோ பசையைத் தடவுங்கள். அது செம்புச் சுண்ணாம்புக் கலவை. தெளிப்பதைப் போல் காற்றில் பரவாது, உலர்ந்தபின் குழந்தை தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். நட்ட முதல் ஆண்டில் கவாத்தே வேண்டாம்.

கரும்புள்ளியைப் பொறுத்தவரை, உதிர்ந்த இலைகளை அன்றன்றைக்குப் பொறுக்கி அப்புறப்படுத்துவதே பாதி மருந்து. பூஞ்சை அந்த இலைகளில்தான் தங்கி, மழைத்துளி தெறிக்கும்போது மேலேறுகிறது. மழைக்கு முன் பழைய மூடாக்கை எடுத்துவிட்டுப் புதியதாகப் பரப்புங்கள். தரையிலிருந்து ஓரடி உயரம் வரையுள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள். இவ்வளவு செய்தும் கார்த்திகையில் சில இலைகள் போகத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வலுவான செடி தை மாதத்தில் புதிய இலை விட்டுவிடும்.

மார்கழி, தை மாதங்களில் பகல் உலர்ந்தும் இரவு பனி இறங்கியும் இருக்கும்போது சாம்பல் நோய் வரலாம். சித்திரை, வைகாசியில் இலையின் அடிப்பக்கம் நுண்ணிய வலையோடு சிவப்புச் சிலந்திப்பேன் வரும். சிலந்திப்பேனுக்கு வாரம் இருமுறை காலையில் இலையின் அடிப்பக்கத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே போதும். இலை நனையக்கூடாது என்ற விதிக்கு வெயில் மாதங்களில் மட்டும் இது விலக்கு. அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

நம் பக்கம் கடலைப் புண்ணாக்கு மலிவு என்பதால் ஊறவைத்து வாரந்தோறும் ஊற்றுபவர்கள் உண்டு. அது வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் தளிர் மென்மையாகக் கொழுத்து, சாம்பல் நோயையும் அசுவினியையும் வரவழைக்கும். கவாத்துக்குப் பின் ஒருமுறையும், ஆடியில் மேல்காற்று தணியும்போது ஒருமுறையும் தொழு உரத்தோடு ஒரு பிடி புண்ணாக்குப் பொடியைக் கலந்து மண்ணில் கிளறிவிடுவது போதுமானது. பூ வாடியதும், வெளிப்பக்கம் பார்த்திருக்கும் முதல் ஐந்திலைக் கொத்துக்கு மேலே வெட்டிவிடுங்கள். அடுத்த பூ அங்கிருந்துதான் வரும். உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

நெல்லிக்குப்பம் நண்பர் சொன்ன காலக்கணக்கு மஞ்சக்குப்பத்துக்குப் பொருந்தும். ஆயினும் எல்லோருக்கும் அதுவே விதி என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரோஜாக் கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று அகலமான காலத்தையே சொல்கிறது. உள்மாவட்டங்களில் அக்டோபர் சரியாக இருக்கலாம். நம் பகுதியிலேயே, நீர் உடனே வடியும் செம்மண் மேட்டில், மழை விழாத தாழ்வாரத்தின் கீழ்த் தொட்டிகளில் வளர்ப்பவர்கள் புரட்டாசியில் இலேசாக வெட்டி, மார்கழியில் பூப் பெறுகிறார்கள். திறந்த வெளியில், கடலுக்கு அருகில் இருப்பவர்களே காத்திருக்க வேண்டியவர்கள்.

புயலைப் பற்றியும் யோசித்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் நம் கரையில்தான் ஏறின. குயீன் எலிசபெத் போன்ற நெடிய செடியைக் காற்று ஆட்டும்போது கிளை முறிவதை விட, அடித்தூர் அசைந்து வேர் அறுவதே பெரிய கேடு. ஐப்பசி தொடங்கும்போதே ஒரு மூங்கில் கழியை ஆழமாக ஊன்றி, துணிநாடாவால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும், மழையைப் பொருட்படுத்தாமல், உயர்ந்த கிளைகளில் மூன்றிலொரு பங்கை வெட்டிவிடலாம். நுனி கருகினால் மார்கழியில் கீழிறக்கி வெட்டிக்கொள்ளலாம். வேர் போனால் திரும்பாது. கடற்காற்று உப்பை வாரி இறைத்துவிட்டு மழையில்லாமல் ஓய்ந்தால், மறுநாள் காலையில் இலைகளை நல்ல நீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

கெடிலக்கரை (கடலூர்):

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பாத்தியைப் பொங்கல் விடுமுறையில் கட்டி, மண் அமர்ந்தபின் மாசியில் நடுகிறோம். செம்பருத்தி இருக்கும் மூலையில்தான் வெயில் அதிகம். அதன் அருகிலேயே ரோஜாவை வைக்கலாமா?

கேப்பர்மலை (கடலூர்):

வேண்டாம். செம்பருத்திதான் மாவுப்பூச்சிக்கு நம் தோட்டங்களில் முதல் வீடு. கோடையில் எறும்புகள் அதைப் பக்கத்துச் செடிக்குச் சுமந்து வந்துவிடும். குறைந்தது நான்கடி இடைவெளி விட்டு, பாத்தியை வாசலின் மறுபக்கம் அமைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐந்து மணி நேர வெயில் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால், ரோஜாவுக்கு அந்த மூலையைக் கொடுத்துவிட்டு, செம்பருத்தியிலிருந்து தை மாதத்தில் குச்சி வெட்டி வேறிடத்தில் ஊன்றிக்கொள்ளலாம். அது எங்கு வைத்தாலும் பிழைத்துவிடும். இரண்டு ரோஜாக்களுக்கும் இடையே இரண்டரை அடி விடுங்கள். நடுவில் செண்டுமல்லி விதையைத் தூவினால் நூற்புழுவும் ஓரளவு குறையும், மண்ணும் வெயிலில் காயாது.